க்ளெய்ம் மறுக்கப்பட்டதா? ஓம்பட்ஸ்மேனிடம் போவதற்கு முன் செய்யும் தவறுகள்

மருத்துவக் காப்பீட்டில் கேஷ்லெஸ் (பில்லை காப்பீட்டு நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டுவது) கிடைக்கவில்லை என்று மருத்துவமனை கவுண்டரில் சொன்னதுமே பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். நகையை அடகு வைத்து பில் கட்டியதோடு சரி. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டாலும் ரீஇம்பர்ஸ்மென்ட் (நாம் கட்டிய பணத்தைப் பிறகு திரும்பப் பெறுவது) கேட்கலாம். அதையும் மறுத்தால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அனுமதியும் இல்லை.

ஆனால் நேராக அங்கே போனால் மனு நிற்காது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஏஜென்ட்டிடமும் டிபிஏ-விடமும் (நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் இடைநிலை அமைப்பு) போனில் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் நியாயம் இல்லை என்றால் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கு ஓராண்டு கெடு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் போட்டுவிட்டோமே என்று சும்மா இருக்காதீர்கள். அந்தப் புகார் பதிலுக்காக நிறுவனத்துக்கே போகிறது.

பெரும்பாலான மனுக்கள் பலவீனமாவது ஓரிடத்தில்தான்: மறுப்புக் கடிதம் சொல்லும் காரணத்துக்குப் பதிலே இருக்காது, குடும்பக் கஷ்டம் மட்டும் நான்கு பக்கம் இருக்கும். கஷ்டம் உண்மைதான். ஆனால் எந்த விதிப்படி மறுத்தார்கள், அது ஏன் பொருந்தாது என்பதில்தான் முடிவு இருக்கிறது. உதாரணமாக, ராத்திரி அட்மிஷனில் மகன் குத்துமதிப்பாகச் சொன்ன 'பத்து வருஷமா சுகர்' அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிடும். பாலிசி எடுத்து மூன்று வருடம்தான் ஆகிறது என்றால், நோயை மறைத்ததாக மறுப்பு வரும். பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், முதல் மருந்துச் சீட்டு, சிகிச்சை தந்த டாக்டரின் விளக்கக் கடிதம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். சம்மரியைத் திருத்தி வாங்க மட்டும் முயலாதீர்கள், அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். பாலிசி 60 மாதம் விடாமல் ஓடியிருந்தால், மோசடி தவிர, மறைத்ததாகச் சொல்லி மறுக்கவே முடியாது. 2024 முதல் இதுதான் விதி. இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

அவசரப்பட்டு நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் ஓம்பட்ஸ்மேன் மனுவை எடுக்கமாட்டார். ஓம்பட்ஸ்மேன் தீர்ப்பு திருப்தியில்லை என்றால் பிறகு நீதிமன்றம் போகலாம். ஆனால் ஓம்பட்ஸ்மேன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.