முகம் ஆரஞ்சாகிறதா? வீட்டு வீடியோவில் நிறம் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறத்தில் கை வைப்பதற்கு முன் திரையைக் கவனியுங்கள். இரவில் திரையின் நீலத்தைக் குறைக்கும் நைட் லைட் வசதி ஓடிக்கொண்டிருந்தால் திரையே மஞ்சளடிக்கும். அதைச் சரிக்கட்ட நீலத்தைக் கூட்டுவீர்கள். டிவியில் போட்டுப் பார்த்தால் முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். நைட் லைட்டையும் தானாகக் கூடிக் குறையும் பிரைட்னஸையும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பலரும் செய்யும் பெரிய தவறு, எடுத்த எடுப்பில் லட் (LUT, நிறங்களை ஒரே அடியாக மாற்றும் ஆயத்தக் கோப்பு) போடுவது. லாக் முறையில், அதாவது பின்னால் திருத்துவதற்காகக் கான்ட்ராஸ்டைக் குறைத்து எடுத்த மங்கலான வீடியோவுக்கென்று செய்த லட்டைச் சாதாரண வீடியோவில் போட்டால் கான்ட்ராஸ்ட் அளவுக்கு மீறிக் கூடும். நிழல்கள் கருமையில் மூழ்கும், முகம் ஆரஞ்சாகும். முதலில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), அடுத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் திருத்தம்), பிறகு சாச்சுரேஷன் (நிற அடர்த்தி). அழகுக்கான லட் கடைசியில்தான்; அதையும் பாதி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். சிறிது நேரத்தில் தவறான நிறமும் கண்ணுக்குப் பழகிவிடும். எடிட்டரில் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகளைத் தனித்தனி வரைபடமாகக் காட்டும் ஆர்ஜிபி பரேடைத் திறந்து, காட்சியில் உள்ள வெள்ளைத் தாளையோ சட்டையையோ பாருங்கள். அந்த இடத்தில் சிவப்பு உயர்ந்தும் நீலம் தாழ்ந்தும் இருந்தால், டெம்பரேச்சர் ஸ்லைடரை நீலப் பக்கம் மெல்ல நகர்த்துங்கள். மூன்றும் ஒரே உயரத்துக்கு வரும்போது வெள்ளை வெள்ளையாகும். மாலை வெயிலுக்கும் மெழுகுவர்த்திக்கும் இது வேண்டாம். அந்த மஞ்சள்தான் அங்கே உயிர்.

ஜன்னல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்), மஞ்சள் பல்பு சுமார் 2700. இரண்டும் கலந்த அறையை ஒரே ஸ்லைடரால் சரிசெய்ய முடியாது. முகத்துக்குச் சரிசெய்துவிட்டு, ஜன்னல் பகுதியை மட்டும் பிரிக்கும் மாஸ்க் போட்டு அதைத் தனியாகத் திருத்துங்கள்.

வெளுத்துப்போன வானத்தை மீட்கப் போராடாதீர்கள். அங்கே விவரமே பதிவாகவில்லை. இழுத்தால் சாம்பல் திட்டுதான் கிடைக்கும்.

தோலை வெக்டர்ஸ்கோப்பில், அதாவது நிறங்களை வட்டத்தில் காட்டும் வரைபடத்தில் பாருங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு இருக்கும். கறுத்த தோலோ வெளுத்த தோலோ, சாதாரண வெளிச்சத்தில் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். பெரும்பாலும் வெளிச்ச அளவுதான் மாறும். ஆகவே கறுத்த முகத்தை வெளுப்பாக்குவது திருத்தமே அல்ல, அந்த மனிதரையே மாற்றுவது.

போனில் எச்டிஆரில் (வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகப் பதியும் முறை) எடுத்தது எடிட்டரில் கண் கூசும்படி வந்தால் எக்ஸ்போஷரைக் குறைக்காதீர்கள். கலர் ஸ்பேஸை (நிறங்களைக் குறிக்கும் அளவுகோல்) முதலில் சாதாரணத் திரைகளுக்கான ரெக் 709-க்கு மாற்றுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஷாட்டின் நடுவில் தாவியிருந்தால், தாவிய இடத்தில் கிளிப்பை வெட்டி இரு துண்டுகளையும் தனித்தனியே திருத்துங்கள்.