சீனன்குடாவில் வேலை செய்தவர்களை ஒரு திண்ணையில் கூட்டிப் பதிவது எப்படி?

என் அம்மப்பா திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள சீனன்குடா விமானத் தளத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் வேலை பார்த்தவர். அவரோடு வேலை பார்த்த இன்னொருவர் மட்டக்களப்பில் எங்கள் ஊரான கல்லடியிலேயே நாலு தெரு தள்ளி இருந்தார். தனித்தனியே கேட்டபோது ஆளுக்குப் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. ஒரே திண்ணையில் உட்கார வைத்த அன்று பொழுதுபடும்வரை ஓயவில்லை. ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுத்தார். அதனால் முதலில் கூட்டுங்கள், பதிவு அப்புறம்.

ஆட்களைத் தேடுதல்

இரண்டாம் உலகப் போரில் தளம் தாக்கப்பட்ட 1942இல் பணியில் இருந்தவர்கள் இன்று நூறு வயதைத் தாண்டியிருப்பார்கள். ஆனால் பிரித்தானிய விமானப்படை 1957 வரை சீனன்குடாவில் இருந்தது. கடைசி ஆண்டுகளில் இளைஞராகச் சேர்ந்தவர்கள், 1951இல் தொடங்கிய இலங்கை விமானப்படையில் ஆரம்ப காலத்தில் இருந்தவர்கள், போர்க்காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள், இறந்தவர்களின் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயில் ஐயாவிடமும் தேவாலயத்திலும் பழைய கடைக்காரரிடமும் விசாரித்தாலே பாதிப்பேர் கிடைப்பார்கள். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வெளியூரில் இருப்பவர்களும் வருவார்கள், கூட்டத்தை அதையொட்டி வையுங்கள். காலை பத்து மணி நல்லது. மத்தியானம் சாப்பிட்டால் மூத்தவர்களுக்குக் கண் சொருகிவிடும்.

என்ன கேட்பது

"போரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். சம்பளம் எவ்வளவு, என்ன சாப்பாடு, எந்த லொறியில் போனீர்கள் என்று கேளுங்கள். பிறகு 1942 ஏப்ரல் 9க்கு வாருங்கள். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையையும் சீனன்குடாவையும் தாக்கின. பதினொரு மணிக்குள் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கியது. கப்பலில் விமானம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் சீனன்குடாவில் இறக்கப்பட்டிருந்தன. 307 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

இதைப் படித்துவிட்டுப் போங்கள், ஆனால் முந்திச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர்கள் உங்கள் கதையைத்தான் திருப்பிச் சொல்வார்கள். வருடம் ஞாபகமில்லை என்றால், "கலியாணத்துக்கு முன்னா பின்னா? 78 சூறாவளிக்கு எவ்வளவு காலம் முந்தி?" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில், 1978இல் மட்டக்களப்பைத் தாக்கிய அந்தச் சூறாவளியை வைத்துத்தான் பலர் காலத்தை எண்ணுவார்கள்.

பதிவு

இரண்டு கைபேசிகள் வையுங்கள், இரண்டையும் விமானப் பயன்முறையில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். தொடங்கும்போது திகதி, இடம், இருப்பவர்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பெயர் வெளியில் வரவேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

படங்கள்

இதுதான் எனக்கு மனம் வலிக்கும் இடம். சூறாவளியிலும் இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போய்விட்டன. மிஞ்சியிருப்பதைக் கவனமாகத் தொடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு வெளிச்சம் தெறிக்காத கோணத்தில் எடுங்கள். ஒட்டாத தனிப் படமென்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பது யார், எந்த இடம் என்று பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை மை ஊறிவிடும். படத்தை அன்றே உரியவர் கையில் திருப்பிக் கொடுங்கள்.

கோப்புகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வெளியூர் உறவினரிடம். குடும்பம் சம்மதித்தால், இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் கொடுக்கலாம்.

ஒரு மாதம் கழித்து அதே திண்ணைக்குப் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். "இல்ல மனே, அது அப்படியில்ல" என்று யாராவது சொன்னால் பழையதை அழிக்காமல் மறுபடி பதிவை அழுத்துங்கள்.