சிலை நிற்கும் முற்றத்தில் மரம் வைக்கும் முறை

நூதனசாலை முன்வளவில் சிலைத் தோட்டம் போட ஆலோசனை கேட்டு வருபவர்கள், எடுத்த எடுப்பில் புல்தரையும் ஸ்பிரிங்லரும் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டுக்கும் நான் சம்மதிப்பதில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சிலையின் முழங்காலிலும் படியும். எங்கள் பக்கச் சிலைகளில் பெரும்பாலானவை கம்பி கட்டிப் பூசிய சீமெந்து. ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து வீங்கும், சீமெந்து வெடிக்கும். ஆகவே தண்ணீர் கேட்காத மரங்களாகத் தேடுங்கள். வன்னிக் காட்டிலும் ஊர் வேலியிலும் நிற்பவையே போதும்.

சிலை வைக்கும் இடத்தை ஆடியிலும் மார்கழியிலும் பாருங்கள். ஆடி நடுப்பகலில் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். மார்கழியில் தெற்கே சாயும். தெற்குப் பார்த்த முகம் ஆடி மத்தியானத்தில் இருண்டு கிடக்கும். கிழக்குப் பார்த்தால் காலை வெயில் நேராக விழும், பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரமும் அதுதான்.

குழியை ஆவணியிலேயே வெட்டுங்கள். மண்வெட்டி மட்டும் போதாது, அலவாங்கும் வேண்டும். சில இடங்களில் இரண்டடி செம்மண்ணுக்குக் கீழே 'டங்' என்று கல் பேசும். கல்லில் வெடிப்பு இருந்தால் நல்லது, வேர் அதற்குள் வழி தேடிக்கொள்ளும். வெடிப்பே இல்லாத பாளம் என்றால் குழியை நாலடி தள்ளி வெட்டுங்கள், கல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். புரட்டாதியில் பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்த்தி மண்ணால் மூடிவிடுங்கள். பச்சைக் குழையின் மேல் உடனே கன்று வைத்தால் சூட்டில் வேர் கருகும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஊறியதும் நடலாம்.

சரி, எதை எங்கே வைப்பது? சிலையின் பின்னால் வீரை, பாலை, குருந்து. மூன்றும் வறட்சியிலும் பச்சையாக நிற்பவை. அந்தக் கரும்பச்சைக்கு முன்னால்தான் வெளிறிய சீமெந்து எடுப்பாகத் தெரியும். பாலை வளர அவசரப்படாது, அதற்காக அதை விட்டுவிட வேண்டாம். திருக்கொன்றையைப் பதினைந்தடி தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் இலை உதிர்ந்த கொப்பு முழுக்க மஞ்சள் சரம் தொங்கும்போது சிலையைப் பார்க்க வந்தவர் கொன்றையைப் படம் எடுத்துக்கொண்டு போவார், போகட்டும். அதன் விதைத் தோல் கடினமானது. அரத்தால் ஓரத்தைக் கொஞ்சம் உரசி இரவு முழுக்க ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். முன்னால் இடுப்புயரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம், ஆவாரையை அந்த உயரத்தில் வெட்டி வைத்தால் போதும்.

நாவலைச் சிலைக்குக் கிட்ட வைக்கவே வைக்காதீர்கள். பழக்கறை ஒரு பக்கம், பழம் தின்னும் பறவையின் எச்சம் மறுபக்கம். அந்த எச்சத்தில் வரும் ஆல், அரசு விதை சிலையின் கழுத்து மடிப்பில் முளைத்துவிடும். மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பார்த்து, இரண்டிலைப் பருவத்திலேயே விரலால் பிடுங்கிவிட வேண்டும். வேர் உள்ளே போனபின் இழுத்தால் சீமெந்தும் சேர்ந்து வரும்.

பனை வேண்டும் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். எல்லையோரம் வையுங்கள், ஓலையும் காயும் விழுந்தால் சிலை தாங்காது. விதையை நிற்கவேண்டிய இடத்திலேயே புதைக்க வேண்டும். முளைத்தபின் கிளப்பி நடப் பார்த்தால் கிழங்கு அவித்துத் தின்னத்தான் உதவும்.

முதல் கோடைக்கு மட்டும் கன்றின் அடியில் கிழமைக்கு ஒரு குடம் ஊற்றி, மேலே தும்பு பரப்புங்கள். இரண்டாம் மாரி கடந்ததும் அதையும் நிறுத்தலாம். சருகைக் கூட்டிக் கன்றடியிலேயே போடுங்கள். சிலைக்குப் பக்கத்தில் எரித்தால் கரி ஏறும்.

இதெல்லாம் ஆடு வராவிட்டால்தான். கன்று நடும் அதே ஐப்பசி மழையில் வளவைச் சுற்றிக் கிளுவங்கதியாலை, அதாவது ஊன்றினால் தளிர்க்கும் கிளுவந்தடியை, நெருக்கமாக ஊன்றுங்கள். அது தழைத்து அடைக்கும்வரை அடிப்பக்கம் பழைய மீன்வலையைக் கட்டிவிடுங்கள்.