பழைய பாணி பேஸ் கிட்டார் வாங்கும்போது கண் செய்யும் தவறுகள்

கடைச் சுவரில் மூன்று பேஸ் கிட்டார்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. மூன்றிலும் நடுவில் தேன்நிறமாகத் தொடங்கி ஓரத்தில் கறுத்துப்போகும் சன்பர்ஸ்ட் வண்ணம், ஆமையோட்டுப் புள்ளிகள் போட்ட பிளேட், குரோம் குமிழ்கள். மூன்றுமே 1960களிலிருந்து நேரே இறங்கி வந்தவைபோல இருக்கின்றன. ஒன்றின் விலை இன்னொன்றைப்போல நான்கு மடங்கு. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கண்ணை நம்பி ஏமாறுகிறார்கள். நானும் என் முதல் பேஸை அப்படித்தான் வாங்கினேன். நிறத்தைப் பார்த்து மயங்கினேன், கையைக் கேட்கவே இல்லை. அதன் தடித்த நெக்கோடு, அதாவது இடக்கை பிடித்து வாசிக்கும் நீண்ட கழுத்தோடு, என் இடக்கை இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நெக். அதன் தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளத்தில் தங்கி நிற்கும் சிறு வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துச் சென்று அதன் அகலத்தை அளந்து பாருங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. ஃபெண்டர் நிறுவனம் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் இந்த அகலம் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் 38. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மிகத் தடித்த கம்பியின் முதல் கட்டத்தில் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டு, நான்காம் கட்டத்தைச் சுண்டுவிரலால் எட்டிப் பாருங்கள். பிறகு அதே விரல்களை அடுத்த கம்பிக்கு நகர்த்துங்கள். உங்கள் கட்டைவிரலின் அடிப்பகுதி பதில் சொல்லிவிடும். பெயரை மட்டும் நம்பவும் கூடாது. பிரிசிஷன் என்று எழுதியிருக்கும் இன்றைய மாடல்கள் பலவற்றில் நட் 41, 42 மில்லிமீட்டர்தான். அகலம் ஒன்றாக இருந்தும் பின்புறத் தடிமன் வேறுபடுவதும் உண்டு. அதைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

அடுத்த தவறு, பழைய பாணி மாடல்களுக்கு இடும் ‘ஐம்பதுகள்’, ‘அறுபதுகள்’, ‘எழுபதுகள்’ என்ற பெயர்களை நிறத்துக்கும் அலங்காரத்துக்கும் உரியவையாக எண்ணுவது. ஐம்பதுகளின் பிரிசிஷன் என்றால் எது? 1957க்கு முந்தையது என்றால் ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப்). 1957 முதல் இரண்டாகப் பிரிந்து சற்று விலகி நிற்கும் பிக்கப். அந்தப் பிரிவு இரைச்சலைத் தானே அடக்கிவிடுகிறது. இன்று பிரிசிஷன் ஒலி என்று எல்லாரும் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். ஜாஸ் பேஸில் வித்தியாசம் இன்னும் நுட்பமானது. எழுபதுகளில், உடலில் கம்பிகள் தங்கும் பிரிட்ஜின் பக்கத்துப் பிக்கப்பை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜை நோக்கித் தள்ளிவிட்டார்கள். புகைப்படத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் கம்பியின் முனைக்கு அருகே போகப்போக ஒலியில் கனம் குறைந்து கூர்மை ஏறும். உருட்டித் திரட்டிய ஒலி வேண்டும் என்பவர் எழுபதுகளின் மாடலை வாங்கிவிட்டு, ‘ஏன் இது குரைக்கிறது?’ என்று ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டிருப்பார்.

ஜாஸ் பேஸைப் பற்றி இன்னொன்று. இரண்டு வால்யூம் குமிழ்களும் முழுதாகத் திறந்திருந்தால் இரண்டு பிக்கப்களும் ஒன்றின் இரைச்சலை ஒன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைக் குறைத்ததும் ‘உம்’ என்ற ஓசை எழும். பழுது என்று நினைத்து நல்ல கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அது ஒற்றைச் சுருளின் இயல்பு.

காது செய்யும் தவறுகளில் முதலாவது, கைபேசியில் ஒப்பீட்டு வீடியோ பார்த்து முடிவெடுப்பது. நான்கு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் அந்த அடிநாதத்தை எழுப்ப இயலாது. நீங்கள் கேட்பதெல்லாம் மேல்சுரங்கள்தான். அடிநாதத்தையே காட்டாத கருவியில் இரண்டு பேஸ்களை ஒப்பிட்டு என்ன பயன்? நல்ல ஹெட்போனாவது வேண்டும். தனியாகக் கேட்கும்போது பளபளக்கும் பேஸ் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போவதும் உண்டு. தனியே மந்தமாகத் தோன்றும் பிரிசிஷன் அங்கே தூண்போல நிற்கும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கம்பிகளைப் பற்றி. கடையில் தொங்குபவற்றில் பெரும்பாலும் புதிய, வரிவரியான ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் இருக்கும். அறுபதுகளின் ஒலியைத் தேடுபவர் மனத்தில் இருப்பதோ வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகள். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷனில் ஃபிளாட்வவுண்ட் கம்பிகளைப் போட்டு, அவற்றை மாற்றாமலே பல காலம் வாசித்தார். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. அந்த ஒலியைத் தேடி விலை கூடிய மாடலுக்குத் தாவுமுன், கையிலிருக்கும் பேஸில் கம்பியை மாற்றிப் பாருங்கள். பல பேருக்குத் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

நெக்கின் முன்புறத்தில் விரல்கள் அழுத்தும் விரல்பலகையின் மரம் பற்றிய கவலை தேவைக்கு மேல் பெருகிவிட்டது. 2017 ஜனவரியில், விரல்பலகைக்குப் பயன்படும் ரோஸ்வுட் மரங்களின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. கிட்டார் நிறுவனங்கள் பல பாவ் ஃபெரோ, லாரல் மரங்களுக்கு மாறின. 2019 நவம்பரில் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் கிட்டார்களைத் தரம் குறைந்தவை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஒதுக்காமல் பார்க்க வேண்டியது ட்ரஸ் ராட். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பி அது. அசலுக்கு நெருக்கமான மாடல்கள் பலவற்றில் அதன் திருகு நெக்கின் அடிப்பகுதியில் உடலுக்குள் மறைந்திருக்கும். கம்பிகளைத் தளர்த்தி, நான்கு திருகுகளைக் கழற்றி, நெக்கைத் தூக்கி, கால் சுற்று திருப்பி, மறுபடி பூட்டிச் சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். போதவில்லையென்றால் முதலிலிருந்து. மழைக்காலத்து ஈரமும் கோடைக்காலத்து வறட்சியும் மாறிமாறி வரும் ஊரில் இதை ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்ய நேரலாம். தலைப்பக்கத்தில் திருகு உள்ள மாடலில் இது ஐந்து நிமிட வேலை. அசல் தோற்றத்துக்காக அந்த உழைப்பை மனமுவந்து ஏற்பவர்கள் ஏற்கட்டும். தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஹோஃப்னர் வயலின் பேஸின் வடிவத்தில் மயங்குபவர்களுக்கு ஒரு சொல்: அதன் கம்பி நீளம் 30 அங்குலம், ஃபெண்டருக்கு 34. கம்பி வாங்கும்போது குட்டை அளவைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, உட்கார்ந்து மட்டும் வாசித்துவிட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். ஸ்ட்ராப்பைக் கேட்டு வாங்கித் தோளில் மாட்டி, இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். தலைப்பகுதி மெல்லத் தரையை நோக்கிச் சாய்ந்தால், மேடையில் இரண்டு மணி நேரமும் உங்கள் இடக்கைதான் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். கால் மணி நேரம் நின்றே வாசித்துப் பார்த்தபின் தோளும் மணிக்கட்டும் எந்தக் கிட்டாரைக் கேட்கின்றனவோ அதன் விலையை விசாரியுங்கள்.