சுகர் வந்த பூனைக்கு வீட்லயே இன்சுலின் போடறது எப்படி? (கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், பொள்ளாச்சி பக்கம் இருக்கறவங்களுக்கு)

முதல்ல ஒண்ணு மனசுல பதியணும். பூனைக்கு ஒரு நாள் சுகர் 400 இருந்தாலும், அது சாப்பிட்டு நடமாடிட்டு இருக்கற வரைக்கும் நமக்கு யோசிக்க நேரம் இருக்கு, ஆனா இன்சுலின் ஒரு வேளை அதிகமா உள்ள போயிருச்சுன்னா சில மணி நேரத்துலயே வலிப்பு வந்து உயிர் போற நிலைமை ஆயிரும். அதனால ஒவ்வொரு ஊசிக்கு முன்னாடியும் சுகர் பாத்தே ஆகணும், இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

பூனைக்கு சுகர் இருக்கான்னு சந்தேகம் எப்ப வரணும்னா, தண்ணி நிறைய குடிக்குது, மூத்திரம் நிறைய போகுது, போன இடத்துல எறும்பு மொய்க்குது, நல்லா தின்னும் மெலிஞ்சுட்டே வருதுன்னா உடனே காட்டணும். சில பூனைங்க பின்னங்கால்ல விரல் ஊனி நடக்காம குதிகால் தரையில படற மாதிரி நடக்கும், அது சுகரால நரம்பு பாதிச்சதோட அடையாளம், சுகர் கட்டுக்குள்ள வந்தா அதுவும் பெரும்பாலும் மெதுவா சரியாகும். ஒரே ஒரு டெஸ்ட்ட வெச்சு முடிவு பண்ணாதீங்க, கூடைக்குள்ள அடைச்சு பஸ்ல மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போன பூனைக்கு பயத்துலயே சுகர் 300 தாண்டும், நோயே இல்லாட்டியும் தாண்டும். ஃப்ரக்டோசமைன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, அது போன ஒண்ணு ரெண்டு வாரத்து சராசரியை காட்டும், பயத்துல ஏறாது, அதை எடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

இப்ப சிரிஞ்சு விஷயம். இதை ரெண்டு தடவை படிங்க. நம்ம நாட்டுல இன்சுலின் பெரும்பாலும் ரெண்டு வீரியத்துல கிடைக்குது, ஒரு மில்லியில 40 யூனிட் இருக்கறது, 100 யூனிட் இருக்கறது. யு-40 சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பூனைக்கு நிறைய டாக்டருங்க எழுதற கிளார்ஜின் (லேன்டஸ் மாதிரி) 100 யூனிட் வகை. அதை சிவப்பு மூடி சிரிஞ்சுல 1 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது ரெண்டரை யூனிட், பூனைக்கு அது ரொம்ப அதிகம். நம்ம பக்கம் கேரளாவுல டாக்டரை பாத்துட்டு பொள்ளாச்சியில மருந்து வாங்கறவங்க, இல்ல பாலக்காட்டுல சிரிஞ்சு வாங்கறவங்க நிறைய பேரு, மெடிக்கல்ல "இன்சுலின் ஊசி குடுங்க"ன்னு மொட்டையா கேட்டா அவங்க வீட்ல பெரியவங்களுக்குன்னு நினைச்சு கையில கிடைச்சதை குடுப்பாங்க. மருந்துப் பாட்டிலை கையில கொண்டு போங்க, பாட்டில்ல இருக்கற நம்பரும் சிரிஞ்சுல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு கடை வாசல்லயே நின்னு பாருங்க. அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு கிடைச்சா அதுதான் பூனைக்கு ரொம்ப வசதி, ஏன்னா பெரும்பாலும் ஆரம்ப அளவே ஒரு வேளைக்கு 1 யூனிட் பக்கம்தான் இருக்கும். செலவையும் பாருங்க, ஒரு நாளைக்கு 2 யூனிட்னா மாசத்துக்கு 60, பத்து மில்லி பாட்டில்ல 1000 யூனிட் இருக்கும், திறந்த பாட்டில் ரொம்ப நாள் தாங்காததால பாதிக்கு மேல வீணாப் போகும், 3 மில்லி கார்ட்ரிட்ஜ் எழுதித் தருவாரான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.

இன்சுலினை ஃபிரிட்ஜ்ல 2 முதல் 8 டிகிரிக்குள்ள வெக்கணும், ஃப்ரீசருக்குப் பக்கத்துல வேண்டாம், ஒரு தடவை உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். பாலக்காட்டு சித்திரை வெயிலும் கரண்ட் கட்டும் நமக்குத் தெரியாததா, மணிக்கணக்குல கரண்ட் போனா ஒரு மண்பானையில தண்ணி ஊத்தி அதுக்குள்ள சின்ன டப்பாவுல மருந்தை வெச்சு நிழல்ல வைங்க. வெளியூர் போறப்ப ஐஸ் பேக்கை துண்டுல சுத்தி எடுத்துப் போங்க, பாட்டில் ஐஸ்ல நேரா படக்கூடாது. பால் மாதிரி கலங்கலா இருக்கற இன்சுலினை உள்ளங்கையில மெதுவா உருட்டி கலக்கணும், கிளார்ஜின் தெளிவா இருக்கும், அதை குலுக்கவே கூடாது, அது கலங்கி இருந்தா போடாதீங்க.

சுகர் பாக்கறது பழகிட்டா ஒரு நிமிஷ வேலை. காது ஓரமா ஒரு மெல்லிசு ரத்தக்குழாய் ஓடும், டார்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். சாக்ஸ்ல கொஞ்சம் அரிசி போட்டு லேசா சூடு பண்ணி (முதல்ல உங்க மணிக்கட்டுல வெச்சுப் பாத்துட்டு) காதுல அரை நிமிஷம் வைங்க, துளி வாஸ்லின் தடவுங்க, அப்பதான் ரத்தம் முடியில பரவாம முத்தா நிக்கும். காதுக்குப் பின்னாடி பஞ்சை வெச்சுட்டு லான்செட்டால (ரத்தம் எடுக்கக் குத்தற சின்ன ஊசி) அந்தக் குழாய்க்கும் ஓரத்துக்கும் நடுவுல ஒரு குத்து, மீட்டர்ல சொருகின ஸ்ட்ரிப்பை சொட்டுக்கிட்ட கொண்டு போனா அதுவே உறிஞ்சிக்கும், அப்பறம் பஞ்சால அழுத்திப் பிடிக்கணும், இல்லாட்டி கன்னிப்போகும். முதல் வாரம் பல நாள் ரத்தம் வராது, அதுக்காக பூனையோட மல்லுக்கட்ட வேண்டாம், விட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு வெந்த கோழி குடுத்தீங்கன்னா அதுவே பழகி மடியில வந்து உக்காரும். மனுஷங்க குளுக்கோமீட்டர் போதுமான்னு கேப்பாங்க, போதும், ஆனா பூனை ரத்தத்துக்கு அது பெரும்பாலும் உண்மையை விட குறைச்சு காட்டும், அதனால எந்த மீட்டர்னு டாக்டர்கிட்ட சொல்லி, எப்பவும் அதே மீட்டர்லயே பாருங்க.

எத்தனை இருந்தா ஊசி போடலாம், எத்தனைக்கு கீழ போடக்கூடாதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க. புதுசா ஆரம்பிச்சவங்க பொதுவா 200க்கு கீழ இருந்தா போடாம டாக்டருக்கு போன் பண்றதுதான் பத்திரம்.

ஊசி 12 மணி நேரத்துக்கு ஒண்ணு. இங்க மாடு வெச்சிருக்கறவங்களுக்கு காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தற நேரம்னு ஒரு கணக்கு இருக்கும்ல, அதோட சேத்து வெச்சுட்டா மறக்காது. முதல்ல சுகர் பாருங்க, அப்பறம் சாப்பாடு வைங்க, நல்லா தின்ன ஆரம்பிச்சதும் ஊசி. சாப்பிடலைன்னா, இல்ல வாந்தி எடுத்துச்சுன்னா ஊசியை நிறுத்தி வெச்சுட்டு டாக்டரைக் கேளுங்க. விலாப்பக்கம் தோலை கூடாரம் மாதிரி தூக்கி, அடியில ஊசியை உள்ள விட்டு மெதுவா அழுத்தணும், தினமும் ஒரே இடத்துல குத்தாம மாத்தி மாத்தி போடணும். ஸ்பிரிட் தேய்க்க வேண்டாம், அந்த வாசனைக்கே பூனை ஓடிரும். போட்டு முடிச்சதும் முடி ஈரமா இருந்தா மருந்து வெளிய போயிருக்கு, அப்பவும் மறுபடி போடாதீங்க, எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது. மாமியார் போட்டாங்களா மருமக போட்டாங்களான்னு சந்தேகம் வந்தாலும் அதேதான், அந்த வேளையை விட்டுருங்க. ஒரு நோட்டுல நேரம், சுகர், யூனிட், எவ்வளவு தின்னுச்சு, யார் போட்டது எல்லாம் எழுதினா இந்தக் குழப்பமே வராது.

சாப்பாட்டுக்கு வருவோம். நம்ம வீடுகள்ல பூனைக்கு வெக்கறது பால்சோறு, தயிர்சோறு, மீன் குழம்பு பிசைஞ்ச சோறு. பூனை மாமிசம் தின்னவே பொறந்த உயிர், இவ்வளவு மாவுச்சத்து அதுக்குத் தேவையே இல்லை, கடையில விக்கற காஞ்ச தீனியிலயும் மாவுச்சத்து அதிகம்தான். மாவுச்சத்து குறைஞ்ச, புரதம் அதிகமான ஈரத் தீனி நல்லது. வீட்லயே வேக வெச்ச கோழியும் மத்தியும் மட்டும் மாசக்கணக்குல குடுத்தா கால்சியம், டாரின் (பூனைக்கு கட்டாயம் வேணுங்கற ஒரு சத்து) பத்தாது, டாக்டர் சொல்ற சத்து சேக்கணும். ஆனா இன்சுலின் ஓடிட்டு இருக்கறப்ப சோறை ஒரே நாள்ல நிறுத்திராதீங்க, சாப்பாட்டை மாத்தினதும் சுகர் தானா சடார்னு இறங்கும், பழைய அளவு ஊசி அதுக்கு அதிகமாயிரும். டாக்டர்கிட்ட சொல்லி கொஞ்சம் கொஞ்சமா, சுகர் அடிக்கடி பாத்துட்டே மாத்தணும். குண்டா இருக்குன்னு பட்டினி போடவும் கூடாது, பூனை ரெண்டு மூணு நாள் தின்னாம இருந்தா ஈரல்ல கொழுப்பு படிஞ்சு அதுவே பெரிய ஆபத்தாகும். அப்பறம் நாவக்கொட்டைப் பொடி, பாகக்கா சாறு, அப்பாவோட சுகர் மாத்திரைல பாதி, இதெல்லாம் அன்புல சொல்லுவாங்க, தயவுசெஞ்சு குடுக்காதீங்க.

சுகர் 60க்கு கீழ போச்சுன்னா, இல்ல மீட்டர் எதுவும் காட்டாட்டியும் பூனை தள்ளாடுது, மந்தமா முறைச்சுப் பாக்குது, உடம்பு நடுங்குது, பேய்ப்பசியா பறக்குதுன்னா, அது லோ சுகர்னே வெச்சுக்கோங்க. முழிப்பா இருந்தா உடனே சாப்பாடு வைங்க. தின்ன முடியலைன்னா தேனோ, குளுக்கோஸ் பொடியை கொஞ்சம் தண்ணியில குழைச்சதோ ஈறுல தடவுங்க. வலிப்பு வந்தா வாய்க்குள்ள எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிரும், பல்லுக்கு நடுவுல விரலும் விடாதீங்க, கன்னத்துக்கு உள்பக்கமா தேனைத் தேச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. தெளிஞ்சு எந்திரிச்சாலும் விட்டுராதீங்க, தேன் சீக்கிரம் கரைஞ்சு போகும், இன்சுலின் இன்னும் மணிக்கணக்குல வேலை செய்யும், கால் மணிக்கு ஒரு தடவை பாத்துட்டே டாக்டர்கிட்ட பேசுங்க. ராத்திரி எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும், எந்த வண்டி கிடைக்கும்னு இன்னைக்கே விசாரிச்சு வைங்க.

அதுக்கு எதிர்ப்பக்கம் கீட்டோன், அதாவது இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பை எரிக்கறப்ப ரத்தத்துல சேர்ற கழிவு, அது ஏறினா உயிருக்கே ஆபத்து. சுகர் ஏறிக்கிடக்கு, பூனை தின்னலை, வாந்தி, சோர்ந்து படுத்துருச்சு, வாயில நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனைன்னா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. மூத்திரத்துல நனைச்சுப் பாக்கற கீட்டோன் ஸ்ட்ரிப் மெடிக்கல்லயே கிடைக்கும், ஒரு டப்பா வீட்ல இருக்கட்டும்.

நம்பரைத் துரத்தி தினமும் யூனிட்ட மாத்தாதீங்க, ஒரு அளவு என்ன பண்ணுதுன்னு தெரிய ஒரு வாரமாவது ஆகும். டாக்டர் சொல்றப்ப ஒரு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு 12 மணி நேரம் சுகர் பாத்து எழுதிக் குடுங்க, எந்த நேரத்துல எவ்வளவு தாழ இறங்குதுன்னு அதுலதான் தெரியும். காது குத்தவே விடாத பூனைக்கு மனுஷங்களுக்கு ஒட்டற, குத்தாமயே சுகர் காட்டற லிப்ரே சென்சாரை முடி வழிச்சு ஒட்டறாங்க, ரெண்டு வாரம் பக்கம் ஓடும்னு கம்பெனி சொல்லும், பூனைங்க அதுக்கு முன்னாடியே பிச்சு எடுக்கறதும் உண்டு.

உபயோகிச்ச ஊசியை ஹரித கர்ம சேனாக்காரங்க (கேரளாவுல வீடு வீடா பிளாஸ்டிக் குப்பை எடுக்க வர்றவங்க) வாங்கற பிளாஸ்டிக் பையில போடாதீங்க, அந்த அம்மாக்க கையில குத்தும், கெட்டி பாட்டில்ல மூடி வெச்சு ஆஸ்பத்திரியில குடுங்க.

நல்ல சேதி ஒண்ணு இருக்கு, சீக்கிரமே இன்சுலினும் சரியான சாப்பாடும் ஆரம்பிச்ச பூனைங்கள்ல கணிசமானதுக்கு கொஞ்ச மாசத்துல இன்சுலினே தேவைப்படாத நிலைமை வருது. ஊசிக்கு முன்னாடி பாக்கற சுகர் தொடர்ந்து தாழவே இருந்தா டாக்டர் அளவைக் குறைச்சுட்டே வந்து நிறுத்துவாரு. நிறுத்தின அப்பறமும் வாரம் ஒரு தடவை சுகர் பாருங்க, பல்லுல சீழ், மூத்திரத் தொற்று வந்தா உடனே காட்டுங்க, அதெல்லாம் சுகரை மறுபடி ஏத்தும். அரிப்புக்குன்னு வேற எந்த மிருக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "இதுக்கு சுகர் இருந்துச்சுங்க, ஸ்டீராய்டு ஊசி வேண்டாம்"னு முதல் வார்த்தையா சொல்லிருங்க.