புளூ பில் போர்டில் பூட்லோடர் ஏற்றுவது எப்படி? எஸ்டி-லிங்க் கொண்டு படிப்படியாக

புளூ பில் என்று எல்லோரும் அழைக்கும் அந்த நீலக் குட்டி போர்டை வாங்கி வந்து, யூஎஸ்பி கேபிளைச் செருகி, அர்டுயினோ மென்பொருளைத் திறந்தால் போர்ட் பட்டியல் காலியாக இருக்கும். புதிதாகத் தொடங்கும் பலர் அந்த இடத்திலேயே போர்டு பழுது என்று முடிவுகட்டி மூலையில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் போர்டு நன்றாகத்தான் இருக்கும். யூஎஸ்பி வழியாகப் புரோகிராமை வாங்கி சிப்பின் ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதி வைக்கும் பூட்லோடர் அதில் இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இந்த போர்டில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103சி8டி6 என்ற சிப். ஆர்ம் கார்டெக்ஸ்-எம்3 வகை, 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், 64 கிலோபைட் ஃப்ளாஷ், 20 கிலோபைட் ராம். தயாரிக்கும்போதே இதற்குள் ஒரு பூட்லோடரை அழிக்க முடியாத இடத்தில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் இந்தச் சிப்பில் அது பிஏ9, பிஏ10 பின்களில் உள்ள சீரியல் போர்ட்டை மட்டுமே கவனிக்கும். யூஎஸ்பி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் யூஎஸ்பி தெரிந்த ஒரு பூட்லோடரை நாமே ஃப்ளாஷின் தொடக்கத்தில் எழுத வேண்டும்.

அதை எழுதத்தான் டிபக்கர், அதாவது சிப்பை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் எஸ்டி-லிங்க் போன்ற கருவி. எஸ்டபிள்யூடி என்ற இரண்டு வயர் இணைப்பு சிப்பின் சுற்றிலேயே அமைந்தது. உள்ளே எந்தப் புரோகிராமும் ஓட வேண்டியதில்லை. ஃப்ளாஷ் முழுக்கக் காலியாக இருந்தாலும் டிபக்கர் உள்ளே போய் ப்ராசஸரை நிறுத்தும், நினைவகத்தைப் படிக்கும், எழுதும். இதைப் புரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும். கீழே சொல்லும் எதில் தவறினாலும், வயர்களைச் சரியாக மாட்டியிருக்கும்வரை, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

தேவையானவை

பின்கள் சாலிடர் செய்த புளூ பில் ஒன்று, எஸ்டி-லிங்க் வி2 டிபக்கர், இரண்டு முனையிலும் துளை உள்ள ஜம்பர் வயர் நான்கு, டேட்டா போகும் மைக்ரோ யூஎஸ்பி கேபிள். கேபிளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை மாட்டிவிட்டு ஒரு மாலை முழுக்க டிரைவரைத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் போனிலிருந்து படங்களைக் கணினிக்கு மாற்றிய கேபிள் இருந்தால் அதையே எடுங்கள்.

கணினியில் எஸ்டிஎம்32கியூப்புரோகிராமர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கட்டளை வரியில் ஓப்பன்ஓசிடி கொண்டும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் முதல் முறை செய்பவர்கள் நினைவகத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்வது நல்லது என்பது என் கருத்து.

வயர் மாட்டுதல்

யூஎஸ்பி இல்லாத ஓரத்தில் நான்கு பின்கள் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். 3.3 வோல்ட், எஸ்டபிள்யூடிஐஓ, எஸ்டபிள்யூசிஎல்கே, கிரவுண்ட் என்பவை அவை. எஸ்டி-லிங்கில் அதே பெயருள்ள பின்களுக்கு நேராக இணைக்க வேண்டும். சீரியல் இணைப்பில் ஒன்றின் டிஎக்ஸை மற்றதன் ஆர்எக்ஸுக்கு மாற்றி மாட்டுவோமே, அந்தப் பழக்கம் இங்கே வேண்டாம். டேட்டாவுக்கு டேட்டா, கிளாக்குக்குக் கிளாக்.

பென்டிரைவ் போலிருக்கும் மலிவான எஸ்டி-லிங்க்குகளில் பின் வரிசை ஒன்றுபோல இருப்பதில்லை. உறையின் மேல் அச்சிட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் பொருந்தாத ஒன்று என்னிடமே வந்து சேர்ந்தது. உறையை மெல்ல உருவிப் பார்த்தேன். பச்சைப் பலகையில் வேறு வரிசை எழுதியிருந்தது. அன்றுமுதல் புதிதாக எது வந்தாலும் உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மல்டிமீட்டரில் கிரவுண்டையும் 3.3 வோல்ட்டையும் அளந்த பிறகே மாட்டுகிறேன். இரண்டு நிமிட வேலை, ஒரு போர்டைக் காப்பாற்றும்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. மலிவான எஸ்டி-லிங்க் தன் 3.3 வோல்ட் பின்னிலிருந்து போர்டுக்கு மின்சாரம் கொடுத்துவிடும். அசல் எஸ்டி-லிங்க் வி2 கொடுக்காது. அதில் அந்தப் பின் போர்டின் மின்னழுத்தத்தை அறிந்துகொள்ள மட்டுமே உள்ளது. மலிவானதை வைத்திருந்தால் இப்போதைக்கு புளூ பில்லின் யூஎஸ்பியைச் செருகாதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் பாய விடக் கூடாது.

போர்டின் மேலே இரண்டு மஞ்சள் ஜம்பர்கள் இருக்கும், பூட்0, பூட்1. இரண்டையும் 0 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைத்துப் பார்த்தல்

கியூப்புரோகிராமரின் வலப் பக்கத்தில் எஸ்டி-லிங்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, போர்ட் என்ற இடத்தில் எஸ்டபிள்யூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கனெக்ட் பொத்தானை அழுத்துங்கள். கீழே சிப்பின் பெயரும் ஃப்ளாஷின் அளவும் வந்தால் வயர்கள் சரி. டிபக்கரின் ஃபர்ம்வேர் பழையது என்று சொன்னால், அங்கேயே இருக்கும் அப்கிரேட் பொத்தானால் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இணையவில்லை என்றால் முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள். வயர் சரியென்றால், சிப்புக்குள் முன்பு ஓடிய புரோகிராம் எஸ்டபிள்யூடி பின்களான பிஏ13, பிஏ14 இரண்டையும் வேறு வேலைக்கு மாற்றியிருக்கலாம். அது ஓடத் தொடங்கும் முன்பே நாம் பிடித்துவிட வேண்டும். போர்டின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கனெக்ட் கொடுத்து, உடனே விரலை எடுங்கள். நேரம் சரியாக அமைய நான்கைந்து முறைகூட ஆகலாம். இன்னும் எளிய வழி, பூட்0 ஜம்பரை 1 பக்கம் மாற்றி ரீசெட் கொடுப்பது. அப்போது உங்கள் ஃப்ளாஷுக்குப் பதில் தயாரிப்பாளரின் பூட்லோடர் ஓடும், எஸ்டபிள்யூடி பின்கள் விடுபட்டிருக்கும். வேலை முடிந்ததும் ஜம்பரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

எழுதும் முன் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நான் தாண்டுவதே இல்லை. முகவரி என்ற கட்டத்தில் 08000000, அளவு என்ற கட்டத்தில் 10000 என்று கொடுத்து ரீட் அழுத்துங்கள். இரண்டும் ஹெக்ஸ் எண்கள், முன்னால் வழக்கமான சுழியும் எக்ஸும் சேர்க்க வேண்டும். ஹெக்ஸில் 10000 என்றால் 65,536 பைட், அதாவது முழு 64 கிலோபைட். வந்ததைக் கோப்பாகச் சேமித்துக்கொண்டால், போர்டு எப்படி வந்ததோ அதே நிலைக்கு என்றைக்கும் திரும்பலாம்.

படிக்க முடியாது என்று பிழை வந்தால், சிப்பில் படிப்புத் தடை போட்டிருக்கிறது என்று பொருள். இடப் பக்கத்தில் ஓபி என்ற பகுதிக்குப் போய் ரீட் அவுட் புரொட்டக்‌ஷன் என்பதில் உள்ள டிக்கை எடுத்து அப்ளை கொடுங்கள். தடை நீங்கும். ஆனால் நீங்கும்போது சிப் தன் ஃப்ளாஷ் முழுவதையும் தானே அழித்துவிடும். பிறர் எழுதிய புரோகிராமைத் திருடவிடாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. உள்ளே உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். புது போர்டு என்றால் கவலை இல்லை. பிறகு மின்சாரத்தை ஒருமுறை துண்டித்து மீண்டும் கொடுத்து இணையுங்கள்.

பூட்லோடரை எழுதுதல்

கிட்ஹப்பில் எஸ்டிஎம்32டுவினோ-பூட்லோடர் என்ற திட்டம் இருக்கிறது. அங்கே பைனரீஸ் என்ற அடைவில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு கோப்பு உண்டு. புளூ பில்லின் எல்இடி பிசி13 பின்னில் இருப்பதால் ஜெனரிக் பூட்20 பிசி13 என்ற பெயருள்ள கோப்பை எடுங்கள். கோப்பின் பக்கத்தைத் திறந்து டவுன்லோட் பொத்தான் வழியாகவே இறக்குங்கள். பட்டியலில் பெயர் மேல் வலது கிளிக் செய்து சேமித்தால் கோப்புக்குப் பதில் வலைப்பக்கம் இறங்கிவிடும். பெயர் மட்டும் சரியாக இருக்கும். இறங்கியதன் அளவைப் பாருங்கள். 8,192 பைட்டுக்கு மேல் இருந்தால் அது நீங்கள் தேடிய கோப்பு இல்லை.

கியூப்புரோகிராமரில் எரேசிங் அண்ட் புரோகிராமிங் பகுதியைத் திறந்து, முதலில் ஃபுல் சிப் எரேஸ். பிறகு கோப்பைத் தேர்ந்தெடுத்து, தொடக்க முகவரி 08000000 என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். வெரிஃபை என்பதில் டிக் போட்டு, ஸ்டார்ட் புரோகிராமிங் அழுத்துங்கள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இப்போது நினைவகப் பகுதிக்குத் திரும்பி 08000000 முகவரியை மறுபடி படியுங்கள். எழுதும் முன் எல்லா இடத்திலும் எஃப் எஃப் எஃப் என்று வரிசை வரிசையாக நின்றிருக்கும். அழித்த ஃப்ளாஷ் அப்படித்தான் தெரியும். இப்போது முதல் எண் 2000 என்று தொடங்கும், இரண்டாவது 0800 என்று தொடங்கும். இந்த இரண்டையும் சற்று நின்று பாருங்கள். ரீசெட் ஆனதும் ப்ராசஸர் முதலில் எடுப்பது இவற்றைத்தான். 20000000 முகவரியில் ராம் தொடங்குகிறது, ஆக முதல் எண், ஸ்டாக் என்ற தற்காலிகச் சேமிப்பிடம் ராமில் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது, ஓடத் தொடங்க வேண்டிய இடம். அது ஃப்ளாஷுக்குள் இருப்பதால் 0800. அதன் கடைசி இலக்கம் எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும், தம்ப் வகைக் கட்டளைகள் என்று ப்ராசஸருக்குத் தெரிவிக்கும் அடையாளம் அது. இந்த இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால், ஒரு கோப்பு சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

யூஎஸ்பியில் எட்டிப் பார்க்கிறதா?

டிஸ்கனெக்ட் கொடுத்து, எஸ்டி-லிங்க் வயர்களைக் கழற்றிவிட்டு, இப்போது யூஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். எல்இடி மின்னிக்கொண்டே இருந்தால் பூட்லோடர் ஓடுகிறது. ஓட வைக்கப் புரோகிராம் எதுவும் இல்லாததால் அது காத்திருக்கிறது. கணினியின் சாதனப் பட்டியலில் மேப்பிள் என்ற பெயர் வர வேண்டும். இந்தப் பூட்லோடர் லீஃப்லேப்ஸின் மேப்பிள் போர்டுக்கு எழுதியதிலிருந்து வளர்ந்தது, அதனால் அந்தப் பெயர். விண்டோஸில் டிரைவர் இல்லை என்று மஞ்சள் குறி காட்டினால் ஸாடிக் என்ற சிறு கருவியால் வின்யூஎஸ்பி டிரைவரை ஏற்றுங்கள். லினக்ஸில் சாதனத்தை அணுக அனுமதி தரும் யூடெவ் விதி ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

எல்இடி மின்னுகிறது, ஆனால் கணினிக்கு எதுவுமே தெரியவில்லை என்றால் போர்டைத் திருப்பி, யூஎஸ்பிக்கு அருகில் ஆர்10 என்று எழுதிய ரெசிஸ்டரைப் பாருங்கள். முழு வேக யூஎஸ்பி சாதனம் தன் டி பிளஸ் வயரை 1.5 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துக் காட்ட வேண்டும், அதுதான் நான் வந்திருக்கிறேன் என்று அது கணினிக்குச் சொல்லும் முறை. அதன்படி ஆர்10 மேல் 152 என்று இருக்க வேண்டும். பல போர்டுகளில் 103, அதாவது 10 கிலோ ஓம் ஒட்டியிருக்கிறார்கள். சில கணினிகள் பொறுத்துக்கொள்ளும், சில ஏற்காது. அந்தத் துளி ரெசிஸ்டரை மாற்றக் கை பழகவில்லையென்றால், பிஏ12 பின்னுக்கும் 3.3 வோல்ட் பின்னுக்கும் நடுவே 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சாலிடர் செய்யுங்கள். 10 கிலோவும் 1.8 கிலோவும் இணையாகச் சேர்ந்தால் ஏறக்குறைய 1.53 கிலோ ஓம், போதும்.

முதல் புரோகிராம்

அர்டுயினோவில் எஸ்டிஎம்32 போர்டுகளுக்கான தொகுப்பை நிறுவி, புளூ பில் எஃப்103சி8 போர்டைத் தேர்ந்தெடுங்கள். அப்லோட் மெத்தட் என்ற இடத்தில் மேப்பிள் டிஎஃப்யூ பூட்லோடர் 2.0 வேண்டும். பக்கத்திலேயே ஒரிஜினல் என்று இன்னொன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது இடம் அதிகம் எடுத்த பழைய மேப்பிள் பூட்லோடருக்கானது. யூஎஸ்பி சப்போர்ட் என்பதில் சிடிசியை, அதாவது போர்டைச் சீரியல் போர்ட்டாகக் காட்டும் வகையைத், தேர்ந்தெடுத்தால், அடுத்தடுத்த முறை ஏற்றும்போது ரீசெட்டை அர்டுயினோவே பார்த்துக்கொள்ளும்.

இந்தத் தேர்வு ஏன் முக்கியம் என்று என் முதல் போர்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது. நமது பூட்லோடருக்கு ஒதுக்கிய இடம் 8 கிலோபைட், ஹெக்ஸில் 2000. ஆக உங்கள் புரோகிராம் 08002000 முகவரியில் தொடங்க வேண்டும், மீதமுள்ள 56 கிலோபைட் அதற்கு. அன்று நான் எஸ்டி-லிங்க்கைக் கழற்றாமல் அப்லோட் மெத்தடை எஸ்டபிள்யூடி என்றே விட்டிருந்தேன். புரோகிராம் 08000000 முகவரிக்கே போய் பூட்லோடரின் மேல் உட்கார்ந்துகொண்டது. எல்இடி அழகாக மின்னியது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் யூஎஸ்பி வழியாக ஏற்றப் போனபோதுதான் மேப்பிள் காணாமல் போயிருந்தது புரிந்தது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் மேலே சொன்ன எழுதும் படியை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

எல்இடியை மின்னவைக்கும் பிளிங்க் எடுத்துக்காட்டை ஏற்றிப் பாருங்கள். இந்த போர்டில் பிசி13 எல்இடி தலைகீழ் இணைப்பு, பின்னை லோ ஆக்கினால் எரியும், ஹை ஆக்கினால் அணையும். எரியும் நேரத்தையும் அணையும் நேரத்தையும் வேறு வேறாக, 100 மில்லிநொடி, 900 மில்லிநொடி என்று மாற்றி ஏற்றுங்கள். அப்போதுதான் மின்னுவது உங்கள் புரோகிராமா, பூட்லோடரா என்ற சந்தேகம் வராது.

நீங்கள் எழுதிய ஏதோ ஒரு புரோகிராம் தொங்கிப்போய் யூஎஸ்பி மறைந்துவிட்டால் உடனே டிபக்கரைத் தேடி ஓட வேண்டாம். அப்லோட் கொடுத்துவிட்டு, ஏற்றத் தொடங்கும் நேரத்தில் ரீசெட் அழுத்துங்கள். பூட்லோடர் உங்கள் புரோகிராமுக்குள் நுழையும் முன் சற்று நேரம் மேப்பிளாக யூஎஸ்பியில் காத்திருக்கும். அந்த இடைவெளியில் திருத்திய புரோகிராம் ஏறிவிடும்.