சோலைத் தவளைகளைப் பதிவு செய்யும்போது நேரும் தவறுகள்

நீலகிரியிலும் பழனிமலையிலும் இருப்பது ஒரே தவளைதான் என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. 2,000 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் இரண்டு மலைகளும் ஒன்றுபோலவே தெரியும்: அதே சோலை (மலைமடிப்புகளில் வளரும் குட்டையான பசுமைக்காடு), அதே புல்வெளி, அதே சீகை மரம். ஆனால் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள, வெக்கையான தாழ்நிலம் அது. குளிரும் ஈரமும் இல்லாமல் பிழைக்க முடியாத ஒரு மலைத்தவளைக்கு அது கடலுக்குச் சமம். இருபுறமும் கலப்பே இல்லாமல் நெடுங்காலம் பிரிந்து கிடந்ததால் மரபணு வேறுபாடுகள் சேர்ந்துகொண்டே போய்த் தனித்தனி இனங்களாகிவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் ஜெர்டன் பெயரிட்ட காட்டிக்ஸாலஸ் வேரியாபிலிஸ் நீலகிரிப் பக்கத்து மரத்தவளை. அதன் தெற்கத்திய உறவான காட்டிக்ஸாலஸ் ஆஸ்டிராப்ஸுக்கு 2008இல்தான் தனிப்பெயர் கிடைத்தது. புதர்த்தவளைகளிலும் இதே கதைதான். ஊட்டியில் கேட்கும் ராவோர்கெஸ்டெஸ் டின்னியன்ஸ் வேறு, கொடைக்கானலில் கேட்கும் ராவோர்கெஸ்டெஸ் டுபுவா (dubois) வேறு.

எனவே படத்தோடு இடத்தையும் சரியாகக் குறித்து வையுங்கள். ‘ஊட்டி’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பதிவு யாருக்கும் பயன்படாது. ஜிபிஎஸ் புள்ளி, உயரம், சோலைக்குள்ளா ஓரத்திலா, தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் உட்கார்ந்திருந்தது என்ற நான்கும் வேண்டும். பிடித்த தவளையை வேறு சோலையில் கொண்டுபோய் விடவே கூடாது. எங்கே எடுத்தோமோ அதே செடியில் விட வேண்டும்.

அடுத்த தவறு, நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது. டின்னியன்ஸ் ஒரே இனம்தான். ஆனால் ஒரே புதரில் பழுப்பு, மஞ்சள், செம்மண் நிறம் என்று வெவ்வேறாக உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, டார்ச் வெளிச்சத்தில் ஒரே தவளைகூட நிறம் மாறித் தெரியும். முதுகை மட்டும் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. தலையின் பக்கவாட்டில் கண்ணும் செவிப்பறையும் தெரிய ஒரு படம், கால்விரல்களுக்கு நடுவே சவ்வு எவ்வளவு தூரம் வருகிறது என்பதற்கு ஒன்று, தொடையிடுக்கின் நிறத்துக்கு ஒன்று எடுங்கள். வாய் நுனியிலிருந்து எச்சத்துளை வரையுள்ள நீளத்தை வெர்னியர் அளவுகோலில் 0.1 மில்லிமீட்டர் வரை அளக்கலாம்.

பல சமயம் படத்தைவிடக் குரலே நம்பகமானது. ஆனால் வாட்ஸாப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். சுருக்காத வேவ் (.wav) ஒலிக்கோப்பாகவே வைத்திருங்கள். அதோடு காற்றின் வெப்பநிலையையும் எழுதுங்கள். குளிர் கூடினால் தவளை கத்தும் வேகம் குறையும். வெப்பநிலை தெரியாமல் 12 டிகிரியில் எடுத்த பதிவையும் 18 டிகிரியில் எடுத்ததையும் ஒப்பிட்டால், ஒரே இனம் இரண்டாகத் தோன்றும்.

ஓடையில் தலைப்பிரட்டை இல்லை, அதனால் இங்கே இனப்பெருக்கம் நடக்கவில்லை என்று எழுதிவிடுவது இன்னொரு பெருந்தவறு. ராவோர்கெஸ்டெஸ் புதர்த்தவளைகளுக்கு நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. சருகுக்கடியிலோ, ஈர மண்ணிலோ, இலைமீதோ மஞ்சள்கரு நிறைந்த சில முட்டைகளை இடும். கண்ணாடிபோன்ற முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, சில வாரங்களில் அரிசி அளவுக் குட்டித்தவளை நேராக வெளியே வரும். இவற்றின் பிள்ளைப்பேறு முழுக்கச் சருகின் ஈரத்தை நம்பித்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் சோலை ஓரத்தில் ‘சுத்தம்’ என்று சருகைக் கூட்டி எரித்தால், ஓடை தெளிவாக ஓடினாலும் ஒரு தலைமுறை போய்விடும். தேடும்போது புரட்டிய கட்டையையும் கல்லையும் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடிப்பக்கம் வெயில் பட்டால் ஒரு நாளிலேயே காய்ந்துவிடும்.

பருவத்திலும் கவனம் தேவை. நீலகிரியின் மேற்குப் பக்கமான அவலாஞ்சி, மேல்பவானியில் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி மழை முக்கியம். ஆடியில் ஒரே ஒருமுறை போய்விட்டு ‘இங்கே தவளை இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையால் தவளையைத் தொடாதீர்கள். தவளை தோலாலும் மூச்சுவிடும், பூசியதெல்லாம் உள்ளே போய்விடும். தூளில்லாத கையுறையை ஓடைநீரில் நனைத்துப் பிடியுங்கள், ஒவ்வொரு தவளைக்கும் புதிய கையுறை. தவளைகளின் தோலில் நோயை உண்டாக்கும் கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. ஒரு சோலையின் சேறு இன்னொன்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்ஸ் சேற்றை முதலில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சேறு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, ஓடைக்குத் தொலைவில் அலசி, முழுதாகக் காய வையுங்கள்.

மரபணு மாதிரி எடுப்பவர்கள் வனத்துறை எழுத்து அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. மாதிரியை ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும், 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில்தான் போட வேண்டும். மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் புது இனம் என்று அறிவிப்பதும் அவசரம். அது தாய்வழியை மட்டுமே காட்டும். உட்கரு மரபணு, குரல், உடலமைப்பு மூன்றும் ஒத்துவர வேண்டும்.

உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மம்பட்டிக்கு அகப்படும் கேடயவால் பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு விஷமில்லை; மண்ணுக்குள் மண்புழு தின்று வாழ்வது. அடித்துவிடாமல் பக்கத்து ஈர மண்ணில் விடுங்கள். ஆனால் சருகு நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் குழிவிரியன்மீது கை வைத்துவிடாதீர்கள். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகச் செய்யப்பட்டது, குழிவிரியனுக்கு அல்ல. புதருக்குள் கையை விடும் முன் ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள்.